சுமோ வீரர் சேரும் 'லாயம்': மாற்றுச்சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினர்க்கு,

மங்கோலியாவில் 1985இல் பிறந்து, ஜப்பானிய மற்போரான சுமோவின் உச்சநிலையாகிய யோகோசுனாவை எட்டிய 69ஆம் வீரராகி, 45 பட்டங்களுடன் 2021இல் ஓய்வுபெற்ற ஹகுஹோவைப் பற்றிய சிறுவர் நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 2000இல் 62 கிலோ எடையோடு ஜப்பானுக்கு வந்த பதினைந்து வயதுப் பையனை யாரும் ஏற்கவில்லை. நாடு திரும்பவிருந்த நிலையில், மூத்த மங்கோலிய வீரர் கியோகுஷூசான் பரிந்துபேச, வீரர்கள் தங்கிப் பயிலும் மியாகினோ என்னும் இடம் சேர்த்துக்கொண்டது. இத்தகைய இடத்தை ஆங்கிலத்தில் 'stable' என்பார்கள்; ஆங்கிலவழி மொழிபெயர்த்த நான் "எந்த லாயத்திலும் இடம் கிடைக்கவில்லை" என்று எழுதிவிட, மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் ஒரு குதிரையை வரைந்து அனுப்பியிருக்கிறார். ஜப்பானியத்தில் இது 'ஹெயா', அதாவது அறை. தமிழில் எப்படிச் சொல்லலாம்?

மறுமொழி 1

ஐயா, மல்லும் போரும் மற்போர் ஆனதுபோல் மல்லும் கூடமும் மற்கூடம் ஆகும். சிலம்பக்கூடம் முன்னரே வழக்கில் உண்டு. இன்னும் பழைய சொல் வேண்டுமெனில், ஆமூர் மல்லனை வீழ்த்திய சோழன் போரவைக்கோப்பெருநற்கிள்ளியின் பெயரிலேயே 'போரவை' இருக்கிறது. என் வாக்கு அதற்கே.

மறுமொழி 2

கூடம் என்றால் பயிற்சி முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடலாம். ஹெயாவிலோ இளையவர்கள் காலையில் வெறும் வயிற்றோடு மண்களத்தில் மோதிவிட்டு, வீரர்களின் உணவான சாங்கோவைச் சமைத்து, மூத்தவர்கள் உண்டு எழுந்த பிறகே பந்தியில் அமர்வார்கள்; இரவில் படுப்பதும் அங்கேதான். தலைவரின் பெயர்கூட வழிவழியாகக் கைமாறுவது. ஹகுஹோவே 2022இல் மியாகினோ என்னும் பெயரைப் பெற்றார். இதற்கு 'மடம்' என்பதைவிடப் பொருந்தும் சொல் ஏது?

மறுமொழி 3

துறவியர் மடத்தில் தலைவரின் மனைவிக்கு என்ன வேலை, அம்மா? ஹெயாவில் ஒகாமிசான் எனப்படும் அவர்தான் வீரர்களின் நலத்திலிருந்து விருந்தினர் உபசரிப்பு வரை கவனிக்கிறார். இல்லாள் இருக்கும் இடம் மனை, எனவே 'மல்லர்மனை'.

தொடங்கியவரின் மறுமொழி

மூன்றையும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். "2024இல் மியாகினோ மனை மூடப்பட்டு, வீரர்கள் இசேகஹாமா மனைக்கு மாற்றப்பட்டனர்" என்பது பத்திரப்பதிவுச் செய்திபோல் ஒலிக்கிறது. மடம் என்றாலோ சிறுவர்கள் காவியுடையைத் தேடுவார்கள். அங்கேயே உண்டு உறங்குவதை மற்கூடம் காட்டவில்லை என்பது உண்மைதான், ஆயினும் அதை ஓர் அடைமொழியால் சரிசெய்யலாம் என்பதால், முதலிடத்தில் மட்டும் "மற்கூடம் எனும் ஹெயா" என்று எழுதி அனுப்புகிறேன்.

மறுமொழி 4

போரவையை ஒரு வாக்கியத்தில்கூட வைத்துப் பார்க்கவில்லை என்பதைப் பணிவுடன் பதிவுசெய்கிறேன்.