குடிசை உட்புற ஓவியத்தில் கவிழ்ந்து கிடக்கும் ஜாடிக்கு அர்த்தம் உண்டா?

கலையரசி:
17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியம் ஒன்று. ஆட்ரியான் வான் ஒஸ்டாடேவின் வட்டம், அதாவது அந்த ஓவியரோடு தொடர்புடைய யாரோ அவர் பாணியில் வரைந்தது என்று மட்டும் குறிப்பு இருக்கிறது. தாழ்ந்த கூரை, இடப்பக்கம் ஒரே ஜன்னல், அதன் கீழே ஒரு பெண் குழந்தைக்குக் கூழ் ஊட்டுகிறாள். கணவன் புகைக்குழாயோடு அடுப்போரம் சாய்ந்திருக்கிறான். தரையில் ஒரு மண்ஜாடி கவிழ்ந்து கிடக்கிறது, பக்கத்தில் நாய். புகை என்றால் வீண்பொழுது, கவிழ்ந்த ஜாடி என்றால் குடி என்று படித்திருக்கிறேன், அப்படியானால் இது சோம்பேறிக் கணவனைக் கண்டிக்கும் படம். ஆனால் பார்க்கும்போது அப்படித் தோன்றவே இல்லையே?

தூரிகை:
முதலில் ஜாடியை விடுங்கள், வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஜன்னலுக்குக் கீழே, தாய் மேலும் குழந்தை மேலும்தான் விழ வேண்டும், கணவன் இருட்டில்தான் இருப்பான். கண்டிக்க நினைத்த ஓவியர் இப்படி ஒளித்து வைக்க மாட்டார். டச்சு ஓவியர் யான் ஸ்டேன் 1663இல் வரைந்த, இப்போது வியன்னாவில் இருக்கும் படத்தில் வீட்டுக்காரி உட்கார்ந்தபடியே தூங்குகிறாள், நாய் மேசைமேல் ஏறித் தின்கிறது, பன்றி உள்ளே வந்துவிட்டது, தலைக்கு மேல் கூடையில் ஊன்றுகோல் தொங்குகிறது. போதாததற்குக் கீழே ஒரு பலகையில் எச்சரிக்கையை எழுதியே வைத்திருக்கிறார்!

மாறன்:
அதற்காகக் குறியீட்டை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. படமும் பாட்டுமாக நீதி சொல்லும் நூல்கள் அந்தக் காலத்து டச்சு வீடுகளில் சாதாரணமாகப் புழங்கின. கலை வரலாற்றாசிரியர் எடி டி யோங் இதை வைத்துத்தான் 1976இல் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகக் கண்காட்சியில் இந்த ஓவியங்களுக்குள் இருக்கும் நீதியை எடுத்துக் காட்டினார். கண்ணால் கண்டதை விவரிப்பதே இந்தக் கலையின் உயிர் என்று இன்னொரு கலை வரலாற்றாசிரியர் ஸ்வெட்லானா ஆல்பர்ஸ் 1983இல் மறுத்தார். என்னைக் கேட்டால், ஒரு பொருள் மட்டும் சாட்சி சொன்னால் நம்பாதீர்கள், நாலு பொருள் சேர்ந்து ஒரே பக்கம் கை காட்டினால் நம்புங்கள்.

செந்தில்நாதன்:
யார் வாங்கினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒஸ்டாடே ஹார்லெம் நகரத்துக்காரர், படங்களும் பெரும்பாலும் நகரத்தார் வீட்டுச் சுவருக்குத்தான் போயின. 1630களில் அவர் வரைந்த குடியானவர்கள் இருட்டுக் கொட்டகையில் குடித்துச் சண்டை போடுகிறார்கள், பார்ப்பவர் சிரிக்கலாம். 1650 வாக்கில் அதே குடிசை அமைதியாகிவிடுகிறது, வெளிச்சம் கூடுகிறது, பிள்ளைகுட்டிகளோடு குடும்பம் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது. பிரான்சில் ஓவியர்களான லெ நேன் சகோதரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், வெறுங்காலோடு நிற்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தண்டு வைத்த திராட்சை மதுக் கோப்பையைக் கொடுத்து, ராஜ குடும்பத்துக்கு உரிய கம்பீரத்தோடு குடியானவர்களை உட்கார வைத்தார்கள். அதனால் ஆண்டு தெரியாமல் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

கலையரசி:
பெரிதாக்கிப் பார்த்தேன். வெளிச்சம் அவள் கைச்சட்டையிலும் கரண்டியிலும்தான் இருக்கிறது. ஜாடி வாயருகே சிந்திய ஈரம் எதுவும் இல்லை, நாயும் அதை மோந்து பார்க்கவில்லை, கரண்டியைத்தான் பார்க்கிறது. கணவனும் அங்கேதான் பார்க்கிறான், இதை எப்படிக் கவனிக்காமல் விட்டேன்! அப்புறம், வலது கீழ் மூலையில் மங்கலாக 165 வரை படிக்க முடிகிறது, கடைசி இலக்கம் அழிந்திருக்கிறது.