புதுப்பிப்பு: வயிற்று ஸ்கேனில் தென்படும் கொரோனா நுரையீரல் தொற்று

வயிற்றுவலிக்காக எடுத்த சிடி ஸ்கேனில் கொரோனா நுரையீரல் தொற்று எப்படித் தெரியவரும் என்று என் முந்தைய இழையைப் படித்த பலர் கேட்டதால் இதைச் சேர்க்கிறேன்.

வயிற்று ஸ்கேன், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்குச் சற்று மேலிருந்தே தொடங்குவதால் நுரையீரலின் அடிப்பகுதியும் அதில் பதிவாகிறது. இந்தத் தொற்றோ பெரும்பாலும் இரு நுரையீரல்களின் கீழ்மடல்களில், வெளிவிளிம்பை ஒட்டி, பனிமூட்டம் போன்ற மங்கலாகத் தென்படுகிறது. ஆனால் வயிற்று உறுப்புகளுக்கான காட்சி அமைப்பில் (திரையில் படத்தின் ஒளி, இருள் அளவை வைக்கும் விதம்) நுரையீரல் வெறும் கறுப்பாகவே தெரியும் என்பதால், கதிரியல் மருத்துவர் நுரையீரலுக்குரிய அமைப்புக்கு மாற்றிப் பார்க்காவிட்டால் அது எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். இப்படி மாற்றிப் பார்ப்பதே மிக முக்கியமான படி என்று கருதுகிறேன்.

2020 மார்ச்சில் இத்தாலியின் லொம்பார்டியில் தொற்று பரவிக்கொண்டிருந்தபோது, பிரேஷா நகர மருத்துவர்கள், பெட்-சிடி (பெரும்பாலும் புற்றுநோய்க்காக எடுக்கும் முழு உடல் ஸ்கேன்) எடுக்க வந்த, அறிகுறி ஏதுமில்லாத சிலரிடம் இத்தகைய மாற்றங்களைக் கண்டு பதிவுசெய்தனர். பக்கவாதத்துக்காக எடுக்கும் கழுத்து இரத்தக்குழாய் ஸ்கேனிலும் நுரையீரலின் மேல்முனை அகப்படுவதால், அங்கும் இது தெரியவரலாம்.

மங்கல் தெரிந்தாலே கொரோனா என்று முடிவுகட்டக் கூடாது. மல்லாந்து படுப்பதால் முதுகுப்புற நுரையீரல் சற்றுச் சுருங்குவதும், பிற வைரஸ்களும் இதே தோற்றத்தைத் தரலாம் என்பதால், வைரஸின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் சோதனையால் உறுதிசெய்வது அவசியம்.