'மதாம் பொவாரி' வழக்கு வாதங்கள் எங்கே கிடைக்கும்?

பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி' நாவல் பொது ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்று 1857இல் பாரிஸில் நடந்த வழக்கின் வாதங்களை முழுதாகப் படிக்கத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. என்னிடமுள்ள ஆங்கிலப் பதிப்பில் நாவல் மட்டும்தான். கல்லூரி நூலகம், பழைய புத்தகக் கடைகள் எல்லாம் பார்த்தாயிற்று. 1873 பிரெஞ்சுப் பதிப்பில் வாதங்கள் உண்டு. எனக்குப் பிரெஞ்சு தெரியாது.

முக்கியமாக அரசு வழக்கறிஞர் பினாரின் பேச்சு வேண்டும். நாவலில், நாயகி எம்மாவும் காதலனும் ஏறிய திரை மூடிய குதிரை வண்டி ரூவான் நகரத் தெருக்களில் ஓயாமல் சுற்றும். வெறுங்கை ஒன்று வெளியே நீண்டு காகிதத் துண்டுகளை வீசும். உள்ளே நடப்பதைப் பற்றி ஒரு வரி கிடையாது. தொடராக வந்தபோது அந்தக் காட்சியையே பத்திரிகை வெட்டிவிட்டது! எம்மாவின் ஆசையில் அரசு எதைக் கண்டு அஞ்சியது என்பதைப் பினாரின் வாதத்திலேயே படிக்க வேண்டும்.

பினார், ஃப்ளோபேர் தரப்பு வழக்கறிஞர் சேனார் இருவரின் வாதமும் முழுதாக உள்ள ஆங்கிலப் பதிப்பு எது?