விவாதத்துல யார் நல்லா பேசினாங்கன்னு எப்படி எடை போடுறது? ஞாயிறு ராத்திரி கெடு, உதவி பண்ணுங்க

ஓஹையோ_புதுமுகம்:
எல்லாருக்கும் வணக்கம். இங்க வந்து ஏழு வாரம்தான் ஆகுது. வகுப்புல ஒரு வேலை குடுத்திருக்காங்க. ஜனாதிபதி வேட்பாளர் விவாதம் ஒண்ணோட வீடியோவைப் பார்த்துட்டு, யார் எப்படிச் செஞ்சாங்கன்னு மதிப்பிட்டு நாலு பக்கம் எழுதணும். ரெண்டு தடவை பார்த்துட்டேன். எட்டுப் பேரும் ஒருத்தர் பேச்சுக்குள்ள ஒருத்தர் புகுந்து பேசுறாங்க. அரங்கத்துல ஒரே கூச்சல். எதுக்குக் கைதட்டுறாங்க, எதுக்கு எதிர்ப்பாக் கூவுறாங்கன்னு பிடிபடலை. ஒரே கட்சிக்காரங்க ஏன் இப்படி அடிச்சுக்கறாங்கன்னும் தெரியலை. ஞாயிறு ராத்திரிக்குள்ள அனுப்பணும். இதுல மார்க் போனா ஸ்காலர்ஷிப் போயிடுமோன்னு தூக்கமே வரலை. எங்க ஆரம்பிக்கறதுன்னு யாராவது சொல்லுங்க அண்ணா, அக்கா.

டல்லாஸ்_வாசி:
தம்பி, அரசியல் பக்கம் போறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. மாணவர் விசாவுல இருக்கறவங்க எந்த வேட்பாளருக்கும் ஒரு டாலர்கூட நன்கொடை குடுக்கக் கூடாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத வெளிநாட்டவருக்கு அது சட்டப்படி தடை. பிரச்சாரக் குழு விக்கிற தொப்பி, டி-ஷர்ட் வாங்கினாலும் அது நன்கொடைக் கணக்குலதான் சேரும். அதைவிட ஆபத்தானது லைசென்ஸ் எடுக்கப் போற இடம். அங்கேயே வாக்காளராப் பதிவு பண்ணிக்கறீங்களான்னு கேப்பாங்க. அமெரிக்கக் குடிமகனாங்கற கட்டத்துல "இல்லை"ன்னுதான் போடணும். அவசரத்துல "ஆமா"ன்னு டிக் பண்ணிக் கையெழுத்துப் போட்டுட்டா, அது பொய்யாக் குடியுரிமை கோரினதா ஆகி, நாடு கடத்துற வரைக்கும் போகலாம். வரிசையில நிக்கும்போது படிக்காம டிக் பண்றதுதான் எல்லாச் சிக்கலுக்கும் மூலம்.

நியூஜெர்சி_அக்கா:
டல்லாஸ் சொன்னது ரொம்ப முக்கியம், ஆனா கேட்டது அது இல்லையே. ஒரே கட்சிக்குள்ள ஏன் சண்டைன்னா, நம்ம ஊர்ல கட்சித் தலைமை கை காட்டுறவர்தான் வேட்பாளர். இங்க அந்தக் கட்சி வாக்காளர்களே மாநிலம் மாநிலமா ஓட்டுப் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கறாங்க. அதுக்கு முன்னாடி நடக்கறதுதான் இந்த விவாதம். கொள்கையில எட்டுப் பேரும் முக்கால்வாசி ஒண்ணுதான். அதனால தன்னை மத்தவங்ககிட்டேருந்து பிரிச்சுக் காட்டியே ஆகணும்.

சரி, எந்த வருஷத்து விவாதம்? எந்தக் கட்சி? அரசியல் வகுப்பா வேற வகுப்பா? மார்க் எதுக்கு எவ்வளவுன்னு தாள் குடுத்திருப்பாங்களே, அதுல என்ன போட்டிருக்கு? இதையெல்லாம் சொல்லாம யாராலயும் பதில் சொல்ல முடியாது.

ரொறன்ரோ_பொடியன்:
பிள்ளை, முதல்ல சாப்பிட்டிட்டு நித்திரை கொள்ளுங்கோ. வந்து ஏழு கிழமையில இந்தச் சனத்தின்ரை கதை விளங்காதது பிழையில்லை. முதல் மூண்டு மாசமும் ஆருக்கும் காது பழகாது. வேகத்தை முக்காலாக் குறைச்சுப் போட்டுப் பாருங்கோ. வீடியோவுக்குக் கீழ தானா வாற எழுத்தை நம்பாதேங்கோ, ரெண்டு பேர் ஒண்டாக் கதைக்கேக்குள்ள அது ஆற்றை வசனத்தையும் ஆற்றையோ தலையில போட்டிடும். செய்தி நிறுவனங்கள் முழு எழுத்துப் படி வெளியிட்டிருக்கும், அதை அச்சடிச்சு வைச்சுக்கொண்டு வீடியோவைப் பாருங்கோ.

வாக்குச்சாவடி:
விவாதத்துக்கு மார்க் போடுறதே வீண். 2023-24ல டிரம்ப் குடியரசுக் கட்சியோட ஒரு விவாதத்துக்குக்கூட வரலை. ஆனா 2024 ஜனவரி 15ல, கட்சி வேட்பாளர் தேர்வு முதல்ல நடந்த அயோவா மாநிலத்துல 51 சதவீதம் அவருக்குத்தான் விழுந்தது. ஜனநாயகக் கட்சியில பாருங்க, 2020 பிப்ரவரி 19 லாஸ் வேகாஸ் மேடையில எலிசபெத் வாரன் தன் போட்டியாளரான கோடீஸ்வரர் புளூம்பெர்க்கைப் பதில் பேச விடாம மடக்கினாங்க. அன்னைக்கு ஜெயிச்சது அவங்கதான்னு ஊரே சொன்னது. ரெண்டு வாரத்துல சொந்த மாநிலமான மாசசூசெட்ஸ்லயே மூணாவது இடம், மார்ச் 5ல விலகிட்டாங்க. இதைத்தான் எழுதணும்.

நியூஜெர்சி_அக்கா:
பாதிதான் சரி. 2016 பிப்ரவரி 6, நியூ ஹாம்ப்ஷயர் விவாதத்துல மார்கோ ரூபியோ ஒபாமாவைப் பத்தின ஒரே வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். மனப்பாடம் பண்ணின 25 வினாடிப் பேச்சுன்னு கிறிஸ் கிறிஸ்டி அங்கேயே குத்திக் காட்டின பிறகும் அதே வசனம் வந்தது. அயோவாவுல மூணாவது வந்தவர் அங்க அஞ்சாவதுக்கு இறங்கினார். 2020ல அதே நியூ ஹாம்ப்ஷயர்ல, ஜனநாயகக் கட்சி விவாதத்துல நல்லா பேசின ஏமி குளோபுஷார் நாலே நாள்ல மூணாவது இடத்துக்கு வந்தாங்க. ஓட்டுப் போடுற நாளுக்குப் பக்கத்துல நடந்தா விவாதம் கணக்கை மாத்தும், ஆறு மாசம் முன்னாடி நடந்தா கரைஞ்சுடும். 2019 ஜூன் 27 மயாமியில கமலா ஹாரிஸ் பைடனைப் பள்ளிப் பேருந்து விஷயத்துல (கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைங்க ஒண்ணாப் படிக்கப் பேருந்துல வேற பள்ளிக்கு அனுப்பின திட்டம்) மடக்கினதும் கணிப்புகள்ல ஏறினாங்க. டிசம்பர் 3க்குள்ள போட்டியை விட்டே விலகிட்டாங்க.

டல்லாஸ்_வாசி:
அதுதான் நம்ம ஆளுங்ககிட்ட வருத்தம். கமலாவோட அம்மா சென்னைக்காரங்க, விவேக் ராமசாமி பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். அதனால அவங்க பேசின முப்பது வினாடித் துண்டு மட்டும் குடும்பக் குழுக்கள்ல சுத்திக்கிட்டே இருக்கு. எதிராளி குடுத்த பதிலை வெட்டி எறிஞ்சுட்டுத்தான் அனுப்புறாங்க. ரெண்டு மணி நேர விவாதத்தைத் துண்டுல பார்த்தா யார் வேணும்னாலும் ஜெயிச்ச மாதிரிதான் தெரியும்.

வாக்குச்சாவடி:
டிவிக்காரங்க மட்டும் என்ன? முடிஞ்ச அஞ்சு நிமிஷத்துல "வெற்றியாளர் இவர்"னு பட்டியல் போடுறாங்க. ஆளுக்கு ஒரு நிமிஷம் குடுத்தா எந்தக் கொள்கையை விளக்க முடியும்? புதுசா வர்ற பிள்ளைங்க இதுதான் அமெரிக்க அரசியல்னு நினைச்சுக்கறாங்க.

ஓஹையோ_புதுமுகம்:
மன்னிச்சுக்கோங்க, முதல்லயே சொல்லியிருக்கணும். 2023 ஆகஸ்ட் 23, மில்வாக்கில நடந்த குடியரசுக் கட்சி விவாதம். வகுப்பு அரசியல் இல்லை, மேடைப் பேச்சு வகுப்பு. மார்க் தாள்ல வாதம், ஆதாரம், மறுப்பு, வெளிப்பாடு, நேரக் கட்டுப்பாடுன்னு அஞ்சு தலைப்பு, தலா 20. அப்புறம், நான் தம்பி இல்லை, தங்கச்சி.

மேடைப்பேச்சு:
தங்கச்சி, பேச்சு வகுப்புன்னா மேல சொன்ன பாதி விஷயம் வேண்டாம். அயோவாவுல யார் ஜெயிச்சாங்கங்கறது கட்டுரைக்கு வெளியே. அன்னைக்கு ராத்திரி மேடையில என்ன நடந்ததுங்கறதுதான் கேள்வி. ரெண்டையும் கலந்தா மார்க் போகும்.

எட்டுப் பேரையும் எழுதாதீங்க. இரட்டை வரி இடைவெளியில நாலு பக்கம்னா ஆயிரத்துச் சொச்சம் சொல்தான் வரும், ஆளுக்கு 130 சொல்லுல ஒண்ணும் சொல்ல முடியாது. நிக்கி ஹேலி, விவேக் ராமசாமி, மைக் பென்ஸ், ரான் டிசாண்டிஸ் நாலு பேர் போதும்.

முழுசா மூணாவது தடவை பார்க்காதீங்க. எழுத்துப் படியில மூணு மோதல்களை மட்டும் எடுத்து, ஒரு தாள்ல கட்டம் போடுங்க: கேட்ட கேள்வி என்ன, முதல் வாக்கியத்துலயே பதில் வந்ததா, குடுத்த ஆதாரம் என்ன, எதிராளி சொன்னதைத் தொட்டாங்களா, எத்தனை வினாடி. பதிலுக்கு ஒரு நிமிஷம், தொடர் பதிலுக்கு 30 வினாடின்னு விதி. செல்போன் ஸ்டாப்வாட்ச்ல நீங்களே அளங்க. மணி அடிச்ச பிறகும் பேசினா நேரக் கட்டுப்பாட்டுல குறைங்க. பென்ஸ்தான் அன்னைக்கு அதிக நேரம் பேசினவர், ஹேலி அவரைவிட ரொம்பக் கம்மி. ஆனா நிறைய நேரம் பேசினதுக்காகத் தனியா மார்க் குடுக்கக் கூடாது.

முதல் மோதல் கருக்கலைப்பு. நாடு முழுக்கத் தடைச் சட்டம் வேணும்னா நாடாளுமன்ற மேலவையான செனட்ல 60 ஓட்டு வேணும், அது நம்ம கையில இல்லைன்னு ஹேலி கணக்குப் போட்டுச் சொல்றாங்க. ஒருமித்த கருத்து தேடுறது தலைமைக்கு நேர் எதிர்னு பென்ஸ் திருப்பறார். அப்படி ஒரு தடையை 70 சதவீத மக்கள் ஆதரிக்கறாங்கன்னு அவர் சொல்லும்போது, செனட்ல 70 சதவீதம் இல்லையேன்னு ஹேலி அதே எண்ணை அவர் பக்கமே திருப்பிடறாங்க. உங்க தாள்ல இருக்கற "மறுப்பு"க்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு அந்த ராத்திரி கிடையாது. பென்ஸோட பதில் குரல்ல பலம், ஆதாரத்துல பலவீனம்னு எழுதலாம்.

ரெண்டாவது, பருவநிலை மாற்றம். அதுக்கு மனுஷங்கதான் காரணம்னு நம்புறவங்களை நெறியாளர்கள் கை தூக்கச் சொன்னாங்க. நாங்க பள்ளிக்கூடப் பிள்ளைங்க இல்லை, விவாதிக்கலாம்னு டிசாண்டிஸ் தடுத்தார். மேடை உத்தியா அது நல்ல நகர்வு, ஆனா கேட்ட கேள்விக்கு நேர்ப் பதில் வரலை. வெளிப்பாட்டுல ஏத்துங்க, வாதத்துல இறக்குங்க. டிரம்ப் தண்டிக்கப்பட்டாலும் ஆதரிப்பீங்களான்னு பிறகு கை தூக்கச் சொன்னபோது, டிசாண்டிஸ் ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் தூக்கினார். அந்த இடத்தை மட்டும் ஒலியை நிறுத்திட்டுப் பாருங்க. ஆறு பேர் ஆதரிப்போம்னு தூக்கினாங்க. கிறிஸ்டி விரலை ஆட்டினதைப் படத்துல மட்டும் பார்த்தா அவரும் தூக்கின மாதிரித் தெரியும், எழுத்துப் படியில அவர் மறுப்பு இருக்கு. பலர் தப்பா எழுதுற இடம் இது.

மூணாவது, ராமசாமி. உங்களுக்குச் சிரிப்புப் புரியாததுக்குக் காரணம் பின்கதை. வேடிக்கையான பேர் வச்ச ஒல்லிப் பையன்னு அவர் தன்னை அறிமுகப்படுத்தினது, 2004 ஜனநாயகக் கட்சி மாநாட்டுல ஒபாமா தன்னைப் பத்திச் சொன்னதோட எதிரொலி. குடியரசுக் கட்சி அரங்கத்துல எதிர்க்கட்சிக்காரர் வசனத்தைப் பேசினா அது பேசினவரையே குத்துற கத்தி மாதிரி. அதைப் பிடிச்சுத்தான் கிறிஸ்டி, சாட்ஜிபிடி மாதிரிப் பேசுறார்னு தாக்கினார். ராமசாமி பதட்டப்படாம நின்னார், வெளிப்பாட்டுல மேல. ஆனா மேடையில விலைபோகாத ஒரே ஆள் நான்தான்னு சொன்னப்ப அதுக்கு ஆதாரம் எதுவும் குடுக்கலை. உக்ரைன் பேச்சுல, வெளியுறவு அனுபவம் இல்லைங்கறது தெரியுதுன்னு ஹேலி அடிச்சதுக்கும் நேர்ப் பதில் பலமா வரலை.

வாக்குச்சாவடி:
ஆனா அரங்கத்துல கிறிஸ்டியை எதிர்த்துத்தானே கூவினாங்க? அப்போ அவர் தோத்தாருன்னு எழுதலாமே?

மேடைப்பேச்சு:
எழுதக் கூடாது. அரங்கத்துல உக்காந்திருந்தது கட்சிக்காரக் கூட்டம், அதுல டிரம்ப் ஆதரவு அதிகம். கூவினது டிரம்பை எதிர்க்கற கிறிஸ்டியோட நிலைப்பாட்டுக்கு. கேட்டவங்களுக்கு ஏத்த மாதிரி அவர் பேச்சை அமைக்கலைன்னு மட்டும் எழுதலாம். அதே மாதிரி, விவாதம் பார்த்த கட்சி வாக்காளர்கள்கிட்ட எடுத்த கணிப்புல டிசாண்டிஸும் ராமசாமியும் நெருக்கமா முன்னால வந்தாங்க, ஹேலி மூணாவது. நிபுணர்கள்ல நிறையப் பேர் ஹேலியைத் தூக்கிப் பிடிச்சாங்க. ஏன் இந்த வித்தியாசம்னு கடைசிப் பத்தியில ரெண்டு வரி போட்டா, ஆசிரியர் கவனிப்பார்.

நியூஜெர்சி_அக்கா:
ஒரு சரிபார்ப்பும் சேர்த்துக்கோ கண்ணு. டிரம்ப் கடனை 8 லட்சம் கோடி டாலர் ஏத்தினார்னு ஹேலி சொன்னது ஏறக்குறைய சரியான எண். ஆதாரத் தலைப்புல அதை அவங்களுக்குக் கூட்டலாம். உன் கல்லூரியில எழுத்து உதவி மையம் இருக்கும், சனிக்கிழமை நேரம் இருக்கான்னு இப்பவே பாரு. முடியாதுன்னு தோணினா கெடு முடியறதுக்கு முன்னாடி ஆசிரியருக்கு நாலு வரி மின்னஞ்சல் போடு. முடிஞ்ச பிறகு கேட்டா இரக்கப்பட மாட்டாங்க.

ரொறன்ரோ_பொடியன்:
ஓம், உந்தச் செயற்கை நுண்ணறிவிட்டைக் குடுத்து எழுத வேண்டாம். வெளிநாட்டுப் பிள்ளையளுக்கு நேர்மை விதி மீறினதெண்டு வந்தால் படிப்போட விசாவும் ஆட்டம் காணும்.

ஓஹையோ_புதுமுகம்:
கட்டம் போட ஆரம்பிச்சுட்டேன் அக்கா. முதல் மோதல்ல ஹேலி பதில் 60 வினாடிக்குள்ள முடியுது, பென்ஸ் தாண்டிப் போறார். என் முதல் வரி இது, சரியான்னு பாருங்க: "மில்வாக்கி மேடையில் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னவர் ஹேலி, மேடையைத் தன்வசம் வைத்திருந்தவர் ராமசாமி, மக்கள் மனதில் வென்றவர் டிசாண்டிஸ்."

மேடைப்பேச்சு:
முதல் ரெண்டும் அப்படியே இருக்கட்டும். மூணாவதுல "மக்கள்"ங்கறதை எடுத்துட்டு "பார்த்த கட்சி வாக்காளர்கள்"னு போடுங்க, கணிப்பு அவங்ககிட்ட எடுத்ததுதான். ராத்திரி 11:59ன்னு போட்டிருந்தாலும் பத்து மணிக்கே ஏத்திடுங்க, ஏறினதுக்கு வர்ற ரசீதைப் படம் எடுத்து வச்சுக்கோங்க.