மச்சானை மோசடி கேஸில் பிடிச்சிருக்காங்க, திங்கட்கிழமை கோர்ட். எந்த வக்கீலை வைக்கிறது?

கரூர்க்காரன் (சனி, இரவு 10:40)

எல்லாருக்கும் வணக்கம். கை நடுங்கிட்டே டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

என் மனைவியோட தம்பி தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியில ஆறு வருஷமா கணக்கு எழுதுறான். வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு வேலை இடத்துக்கே வந்து போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்க. இல்லாத சப்ளையர் பேர்ல பில் போட்டு 7 லட்சத்து 80 ஆயிரம் ராண்ட் எடுத்துட்டதா புகார். அவனோட சூப்பர்வைசரையும் சேர்த்துப் பிடிச்சிருக்காங்க. நான் செய்யலன்னு அழுறான். எனக்கு அவன் மேல நம்பிக்கை இருக்கு, ஆனா அது இப்போ எதுக்கு உதவும்னு தெரியல.

48 மணி நேரத்துக்குள்ள கோர்ட்டுக்குக் கொண்டுபோகணும்னு சட்டம் இருக்கே? இன்னைக்கு ஏழு மணியோட அது முடிஞ்சுது. ஸ்டேஷன்ல கேட்டா "திங்கள் வாங்க"ன்னு சொல்றாங்க.

வக்கீல் விஷயத்துல நாலு வழி முன்னாடி இருக்கு. ஒருத்தர் 65,000 ராண்ட் ரொக்கமா, இன்னைக்கு ராத்திரியே கேக்குறார். "திங்கள் மத்தியானம் பையன் உங்க வீட்டுல சோறு சாப்பிடுவான், என் கேரண்டி"ங்கிறார். சூப்பர்வைசர் வீட்டுக்காரங்க அவங்க வக்கீலையே ரெண்டு பேருக்கும் வச்சுக்கலாம், பணம் பாதிப் பாதின்னு கூப்பிடுறாங்க. மூணாவது லீகல் எய்ட், அதாவது அரசோட இலவச வக்கீல். நாலாவது, கோயில்ல பழக்கமானவர் சொன்ன ஒரு பெண் அட்டர்னி (கட்சிக்காரர்கிட்டேர்ந்து நேரடியா கேஸ் எடுக்கிற வக்கீல்). அவங்க ஜாமீன் வேலைக்கு மட்டும் 18,000 சொன்னாங்க, மீதியை அப்புறம் பேசிக்கலாமாம். அரை மணி நேரம் கேள்வி மேல கேள்வி கேட்டாங்களே தவிர, கிடைக்கும்னு ஒரு வார்த்தை சொல்லல. என் மனைவிக்கு அதுவே பிடிக்கல. முதல் ஆள்தான் வேணும்னு நிக்கிறா.

இன்னொண்ணு. அவனோட பழைய போன் வீட்டுல இருக்கு. அதுல இருக்கிற வாட்ஸ்அப்பை எல்லாம் அழிச்சிடுங்கன்னு ஊர்லேர்ந்து மாமியார் சொல்றாங்க. செய்யலாமா?


வெருலம்வாசி (சனி, இரவு 10:52)

போனைத் தொடாதீங்க. ஒரு மெசேஜ்கூட. நீதிக்குக் குறுக்கே நின்னதா உங்க மேலயும் தனி கேஸ் வரும், அவன் ஜாமீனும் கெடும். சுவிட்ச் ஆஃப் பண்ணி வச்சுட்டு வக்கீல் கிட்ட மட்டும் சொல்லுங்க. அவனுக்கு ஆதரவா சாட்சியா வரவேண்டிய நல்ல மெசேஜும் அதுலதான் இருக்கும்.


கோர்ட்_வராந்தா (சனி, இரவு 11:30)

நான் வக்கீல் இல்ல. ஒரு அட்டர்னி ஆபீஸ்ல 11 வருஷமா குமாஸ்தா. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல அந்த 48 மணி. அது கோர்ட் நடக்காத நேரத்துல முடிஞ்சா, அடுத்த கோர்ட் நாள் முடியறதுக்குள்ள கொண்டுபோனா போதும். வியாழன் ஏழு மணிக்குப் பிடிச்சா சனி ஏழோட முடியுது, அதனால திங்கள். போலீஸோட சண்டை போட்டு ராத்திரியை வீணாக்காதீங்க.

அடுத்து ஜாமீன். மோசடித் தொகை 5 லட்சம் ராண்டைத் தாண்டிட்டா அது ஜாமீன் சட்டத்துல அட்டவணை 5-ங்கிற கடுமையான குற்றப் பட்டியலுக்குள்ள போயிடும். ரெண்டு பேர் கூட்டுச் சேர்ந்து செஞ்சதா சொன்னா 1 லட்சத்துக்கு மேல இருந்தாலே போதும். உங்க கேஸ் ரெண்டு கணக்குலயும் மாட்டுது. ஸ்டேஷன்ல பணம் கட்டி வெளிய கூட்டிட்டு வர முடியாது, கோர்ட்தான் முடிவு பண்ணும். இவனை வெளிய விடறது நீதியின் நலனுக்கு உகந்ததுன்னு நாமதான் காட்டணும். பிராசிக்யூட்டர், அதாவது அரசுத் தரப்பு வக்கீல், விலாசம் சரிபார்க்கணும்னு கேட்டா, தடவைக்கு ஏழு நாள் வரைக்கும் தள்ளிப்போடவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு. பெரும்பாலும் கேப்பாங்க. அப்படி இருக்கறப்ப திங்கள் மத்தியானச் சோத்துக்கு ஒருத்தர் கேரண்டி கொடுக்கிறார்னா, ஒண்ணு அவருக்குச் சட்டம் தெரியல, இல்ல உங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கிறார். அவர் சொல்ற கேரண்டி வேற வழியிலன்னா, அதாவது டாக்கெட்டை (போலீஸோட கேஸ் ஃபைலை) காணாமப் போக வைக்கிறதுன்னா, கொடுக்கிற நீங்களும் உள்ள போகணும்.

அந்தம்மா என்ன கேள்வி கேட்டாங்கன்னு கொஞ்சம் எழுதுங்களேன்?


கரூர்க்காரன் (சனி, இரவு 11:48)

வீடு சொந்தமா வாடகையா, வாடகைப் பத்திரம் யார் பேர்ல, குழந்தைங்க எந்த ஸ்கூல், பாஸ்போர்ட் எங்க இருக்கு, விசா எப்போ முடியுது, ஊர்ல நிலம் இருக்கா, கம்பெனியில பில்லுக்கு யார் கையெழுத்து, சிஸ்டம் பாஸ்வேர்ட் எத்தனை பேருக்குத் தெரியும். அப்புறம் இதுக்கு முன்னாடி எப்பவாவது ஃபைன் கட்டியிருக்கானான்னு. இல்லன்னு சொன்னேன். "டிராஃபிக் ஃபைன் இல்ல, லாக்டவுன் ஃபைன் கூட இல்லையா, மனைவி கிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க"ன்னாங்க. கேட்டேன். 2020-ல லாக்டவுன் சமயத்துல வெளிய சுத்தினான்னு பிடிச்சு, ஸ்டேஷன்லயே பணம் கட்டிட்டு வந்திருக்கான். எனக்கே இப்பதான் தெரியும்.


கோர்ட்_வராந்தா (ஞாயிறு, காலை 12:10)

உங்க கேள்விக்குப் பதில் அங்கயே இருக்கு அண்ணே.

குற்றத்தை ஒப்புக்கிட்டு ஸ்டேஷன்லயே ஃபைன் கட்டினா, அது வெறும் அபராதம்னு எல்லாரும் மறந்துடறாங்க. 2020-ல அப்படிக் கட்டினது சட்டப்படி தண்டனைப் பதிவாவே ஏறுச்சு. இந்த ஜாமீன் மனுவுல பழைய தண்டனை, நிலுவையில இருக்கிற கேஸ் எல்லாத்தையும் கோர்ட்டுக்குச் சொல்லியே ஆகணும். தெரிஞ்சே மறைச்சா அதுவே தனிக் குற்றம். "என் மேல எந்தக் கேஸும் இல்லை"ன்னு பிரமாணப் பத்திரத்துல எழுதி, எதிர்ல பிராசிக்யூட்டர் அந்த 2020 பதிவை எடுத்து நீட்டினா எப்படி இருக்கும்? சின்ன விஷயம்தான், ஆனா அதோட அவன் சொல்ற எதையும் மாஜிஸ்திரேட் நம்ப மாட்டார். 65,000 கேட்டவர் இதைக் கேட்டாரா?

இப்போ பங்கு வக்கீல் விஷயம். இதுலதான் நான் பாத்த குடும்பங்க நிறைய கவிழ்ந்துது. இன்னைக்கு ரெண்டு பேரும் ஒரே பக்கம். ஆறு மாசம் கழிச்சு டாக்கெட் கைக்கு வரும்போது, பில்லுல கையெழுத்து சூப்பர்வைசரோடது, சிஸ்டத்துல ஏத்தினது உங்க மச்சான் லாகின்னு வந்தா? ஒருத்தர் தப்பிக்கணும்னா இன்னொருத்தரைக் கைகாட்டணும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 204-ஆம் பிரிவுல, கூட இருந்தவன் அரசுத் தரப்புச் சாட்சியா மாறி உண்மையைச் சொன்னா வழக்குலேர்ந்து விடுபடலாம். அந்த வாய்ப்பு யாருக்குன்னு வரும்போது ரெண்டு பேரோட ரகசியத்தையும் கேட்ட ஒரே வக்கீல் என்ன செய்வார்? ரெண்டு பேரையும் விட்டு விலகணும். அப்போ நீங்க கட்டின பாதியும் போச்சு, புது ஆளுக்கு முழுசும் கட்டணும். அதுக்கும் மேல, ஃபீஸை முழுக்க சூப்பர்வைசர் குடும்பமோ கம்பெனியில யாராவதோ கொடுக்க முன்வந்தா இன்னும் ஜாக்கிரதை.


ஜோபர்க்_சிவா (ஞாயிறு, காலை 7:15)

எல்லாம் சரி, ஆனா லீகல் எய்ட் பக்கம் போகாதீங்க. இலவச வக்கீல்னா இலவச வேலைதான்.


சாட்ஸ்வர்த்_தாத்தா (ஞாயிறு, காலை 9:05)

சிவா தம்பி, கோபித்துக்கொள்ளாதே, அது தவறு. நான் முப்பது ஆண்டுக்கு மேல் நேட்டால் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். லீகல் எய்ட் வக்கீல் தினமும் அதே நீதிமன்றத்தில் நிற்பவர். அந்த மாஜிஸ்திரேட் எதைக் கேட்பார், அந்தப் பிராசிக்யூட்டர் எதை விட்டுக்கொடுப்பார் என்பது அவருக்குத் தெரியும். கட்சிக்காரர் கூட்டம் அதிகம், இவர்தான் வேண்டுமென்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது, வருமானமும் சொத்தும் பார்த்துத்தான் தருவார்கள். இதுதான் குறை. வீட்டை அடகு வைத்து மோசமான வக்கீலை வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். 0800 110 110 என்ற எண்ணில் ஆலோசனை இலவசம்.

கரூர்த் தம்பிக்கு ஒரு விஷயம். உன் மச்சானுக்கு ஆங்கிலம் எவ்வளவு வரும்? கடையில் பேசும் ஆங்கிலத்தை வைத்துக் குறுக்கு விசாரணையில் நிற்க முடியாது. "எனக்கு ஆங்கிலம் தெரியும்" என்று பெருமைக்குச் சொல்லிவிட்டு, கேள்வி புரியாமல் "யெஸ்" சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். புரிகிற மொழியில் விசாரணை, முடியாவிட்டால் மொழிபெயர்ப்பு, இது அரசியலமைப்பின் 35-ஆம் பிரிவில் இருக்கும் உரிமை. இப்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் எளிதில் கிடைப்பதில்லை, தேடி வரவழைக்க வேண்டும். ஆகவே வக்கீலிடம் முன்னதாகவே சொல். அவன் இந்தியக் குடிமகன் என்றால், டர்பனிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குத் தகவல் கொடுக்கச் சொல்லவும் அவனுக்கு உரிமை உண்டு.

1894-இல் முதலாளி அடித்துப் பல் உடைந்த பாலசுந்தரம் என்ற தமிழர் தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். காந்தி முதலில் அவரை மருத்துவரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். பிறகுதான் மாஜிஸ்திரேட். வயதானவன், எதையோ சொல்ல வந்து எங்கேயோ போகிறேன். காகிதத்தைச் சேர் என்று சொல்ல வந்தேன்.


கரூர்க்காரன் (ஞாயிறு, காலை 10:20)

ஆங்கிலம் சுமார்தான் ஐயா. தாத்தாவுக்கும் வராந்தா அண்ணனுக்கும் கோடி நன்றி. நாலாவது அம்மாவையே வச்சுக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். மனைவி இன்னும் முகம் கொடுத்துப் பேசல. பணம் கட்டறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்?


கோர்ட்_வராந்தா (ஞாயிறு, காலை 10:45)

அவங்க பேர் லீகல் பிராக்டிஸ் கவுன்சில் (வக்கீல்களைப் பதிவு பண்ற அமைப்பு) பதிவேட்டுல இருக்கான்னு பாருங்க, ஆன்லைன்லயே தேடலாம். இந்த வருஷத்து ஃபிடெலிட்டி ஃபண்ட் (கட்சிக்காரர் பணத்துக்கான பாதுகாப்பு நிதி) சான்றிதழ் இருக்கான்னு கேளுங்க, அது டிசம்பர் 31 வரைக்கும்தான் செல்லும். வெக்கப்படாம கேளுங்க, நல்ல வக்கீல் கோவிச்சுக்க மாட்டாங்க. பணத்தை அவங்களோட டிரஸ்ட் கணக்குல, அதாவது கட்சிக்காரர் பணத்தைத் தனியா வைக்கிற கணக்குலதான் போடணும். வேலை நடக்கிற வரைக்கும் அது உங்க பணம். அங்கேர்ந்து யாராவது திருடினா அந்த ஃபண்ட் கிட்ட கேக்கலாம். ரொக்கமா பார்க்கிங்ல வச்சுக் கொடுத்தா யார்கிட்ட போய்க் கேப்பீங்க? ஜெயிச்சா மட்டும் ஃபீஸ்னு யாராவது சொன்னா அதுவும் வேண்டாம், கிரிமினல் கேஸ்ல அப்படி ஒப்பந்தமே போடக்கூடாது.

18,000-ல எது எது அடங்கும்னு எழுதி வாங்குங்க. முக்கியமா, கேஸ் தள்ளிப்போற நாளுக்கும் ஃபீஸ் உண்டா? இங்க கேஸ் நடக்கிற நாளைவிடத் தள்ளிப்போற நாள்தான் அதிகம். பின்னாடி கோர்ட்டுல வாதாடறதுக்குன்னே அட்வகேட் வைக்கணும்னா அவருக்குத் தனி ஃபீஸ், பொதுவா அட்டர்னி மூலமாத்தான் வருவார். 2018 நவம்பர்லேர்ந்து நேரடியா கேஸ் எடுக்கிற அட்வகேட்டும் உண்டு, ஆனா அவருக்கும் டிரஸ்ட் கணக்கும் அதே சான்றிதழும் இருக்கணும்.

மச்சானுக்குச் சொல்லி அனுப்புங்க: போலீஸ்காரர் டீ வாங்கிக் கொடுத்தாலும் கேஸைப் பத்தி வாய் திறக்கக்கூடாது. லாக்கப்ல கூட இருக்கிறவன் கிட்டயும், போன்ல உங்ககிட்டயும் கூடத்தான். ஜாமீன் மனுவைக் கூண்டுல ஏறிச் சொல்லாம பிரமாணப் பத்திரமாவே கொடுக்க முடியும். ஏறிச் சொன்னா பிராசிக்யூட்டர் குறுக்கு விசாரணை பண்ணுவார், அங்க சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் பின்னாடி விசாரணையில அவனுக்கு எதிரா வரலாம். எது நல்லதுன்னு அந்தம்மா முடிவு பண்ணட்டும்.

கோயில் கமிட்டி கடிதம் கொடுத்தா வாங்கி வைங்க. ஆனா வாடகைப் பத்திரமும் ஸ்கூல் கடிதமும்தான் அதிகம் பேசும்.


கரூர்க்காரன் (திங்கள், மாலை 6:30)

ஏழு நாள் தள்ளிட்டாங்க, அடுத்த திங்கள். வெஸ்ட்வில் சிறைக்குக் கொண்டுபோயிட்டாங்க. மனைவி ரொம்ப அழுதா. கோர்ட் வராந்தாவுல அந்த 65,000 ஆள் நின்னுட்டு இருந்தார், இன்னொரு குடும்பத்துக்கிட்ட பேசிட்டு. அதே சோத்துக் கேரண்டி. மனைவியும் கேட்டா. அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லல.


ஜோபர்க்_சிவா (திங்கள், இரவு 8:00)

தைரியமா இருங்க அண்ணே. அப்புறம், தாத்தா சொன்னது சரிதான், நான் வாயை விட்டுட்டேன்.


கரூர்க்காரன் (அடுத்த திங்கள், மாலை 5:10)

ஜாமீன் கிடைச்சுது. 15,000 ராண்ட். பாஸ்போர்ட் ஒப்படைக்கணும், வாரம் ரெண்டு நாள் ஸ்டேஷன்ல கையெழுத்து, கம்பெனி ஆளுங்க யார் கூடவும் பேசக்கூடாது. லாக்டவுன் ஃபைனை அந்தம்மாவே முதல் பக்கத்துல எழுதிட்டாங்க. பிராசிக்யூட்டர் அதைப் பத்திப் பேசவே இல்ல. சூப்பர்வைசருக்கு வேற வக்கீல். அவர் இப்போ எங்க போனை எடுக்கிறதில்ல.

ரெண்டு சந்தேகம். தண்டனை 15 வருஷம்னு யாரோ சொன்னாங்க, நிஜமா? ஜாமீன் பணம் திரும்பி வருமா?


கோர்ட்_வராந்தா (அடுத்த திங்கள், இரவு 7:40)

சூப்பர்வைசருக்கு நீங்களும் போன் பண்ணாதீங்க! கம்பெனி ஆளுன்னா அவரும் அதுல அடக்கம். ஜாமீன் ரத்தாகும்.

15 வருஷம் நிஜம்தான். 5 லட்சத்துக்கு மேல மோசடின்னு நிரூபணமானா முதல் தடவைக்கே குறைஞ்சபட்சம் அதுதான். அதைக் குறைக்கணும்னா கணிசமான, வலுவான காரணம் இருக்குன்னு கோர்ட் ஏத்துக்கணும். அதனால விசாரணைக்கான ஃபீஸ் பேச்சை இப்பவே ஆரம்பிங்க. டாக்கெட்டுல இருக்கிற சாட்சி வாக்குமூலங்களைப் பாக்கிற உரிமை 1995-ல அரசியலமைப்பு நீதிமன்றம் கொடுத்தது, ஜாமீன் கட்டத்துல கிடைக்காது, விசாரணைக்கு முன்னாடி கிடைக்கும். அதைப் படிக்காம குற்றத்தை ஒப்புக்கிட்டுத் தண்டனை பேசலாம்னு யார் சொன்னாலும் தலையாட்டாதீங்க. அந்தம்மா சொன்னாலும் சரி.

ஜாமீன் நிபந்தனையை மீறாம கேஸ் முடிஞ்சா, தீர்ப்பு எப்படி இருந்தாலும் பணம் திரும்ப வரும். ரசீது யார் பேர்ல இருக்கோ அவங்க கைக்கு. ரசீது பத்திரம்.


கரூர்க்காரன் (அடுத்த திங்கள், இரவு 8:05)

என் பேர்லதான் இருக்கு. மனைவி கேட்டு வாங்கி நகைப்பெட்டிக்குள்ள வச்சுட்டா. மச்சான் தூங்கிட்டு இருக்கான், சாப்பிடக்கூட எழுந்திரிக்கல.