வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு மாற்று வழி தேவை

அனைவருக்கும் வணக்கம். 2020 ஊரடங்கில் வேறு வழியின்றித் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவிலேயே எங்கள் பத்தாம் வகுப்பின் கணக்கு வீட்டுப்பாடம் இன்றும் நடக்கிறது. மாணவர்கள் படமெடுத்து அனுப்பும் விடைகளில் பென்சில் எழுத்து மங்கிவிடுகிறது. ஒருவரின் ஐயத்துக்கு நான் எழுதிய விளக்கம், காலை வணக்கப் படங்களுக்கும் ‘ஓகே மிஸ்’களுக்கும் இடையில் புதைந்துபோக, அதே ஐயத்தை மறுநாள் இன்னொருவர் கேட்கிறார். எல்லாவற்றையும்விட, மாணவியரின் கைபேசி எண்கள் குழுவில் உள்ள அனைவருக்கும் தெரிவதே எனக்குப் பெருங்கவலை.

கூகுளின் இணைய வகுப்பறைச் செயலியான கூகுள் கிளாஸ்ரூமில் ஒவ்வொருவரின் விடையும் ஆசிரியருக்குத் தனித்தனியே வந்து சேரும் என்பதால் அதற்கு மாற எண்ணுகிறேன். ஆனால், பல வீடுகளில் அப்பா வேலை முடிந்து வந்த பிறகே பிள்ளைக்குக் கைபேசி கிடைக்கிறது. அந்த ஒரே கைபேசியில் அண்ணனும் தங்கையும் தனித்தனிக் கூகுள் கணக்கில் நுழைய வேண்டும். இத்தகைய வகுப்பை மாற்றிய அனுபவமுள்ள ஆசிரியர்கள், பெற்றோரை எப்படிப் பழக்கினீர்கள் என்று விரிவாக எழுதி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.