‘பேக்கப்’ என்ற கைண்டுக்கு முன்னொட்டு தேவையா?

கோட்டை_நிரலர்:
கொழும்பிலுள்ள எங்கள் அணி, தரவுத்தளங்களைப் பிரதியெடுத்துக் காக்கும் ஆபரேட்டர் (நிர்வாக வேலைகளைத் தானாகச் செய்யும் நிரல்) ஒன்றை, கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸுக்காக எழுதுகிறது. அதன் கஸ்டம் ரிசோர்ஸுக்கு, அதாவது குபர்நெட்டிஸில் நாங்களே சேர்க்கும் பொருள்வகைக்கு (கைண்ட்), நிறுவனப் பெயர் போன்ற முன்னொட்டு எதுவுமின்றி ‘பேக்கப்’ என்றே பெயரிடலாம் என்பது என் நிலைப்பாடு. அந்த வகையை வரையறுக்கும் சிஆர்டியின் பெயர், வகையின் பன்மைப் பெயரும் அது சேரும் ஏபிஐ குரூப்பும் (டொமைன் வடிவிலான குழுப்பெயர்) சேர்ந்தே அமைகிறது; எங்கள் குரூப்பில் எங்களுக்கே உரிய டாட் எல்கே டொமைன் இருப்பதால், கிளஸ்டரைப் பிரதியெடுக்கும் கருவியான வெலெரோவின் பேக்கப்பும் எங்களுடையதும் சேர்வருக்கு இருவேறு பொருள்களே.

தெகிவளை_எஸ்ஆர்ஈ:
சேர்வருக்குக் குழப்பமில்லை. நள்ளிரவு அழைப்புக்கு எழும்புபவருக்குத்தான் குழப்பம். எங்கள் கிளஸ்டரில் வெலெரோவும், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கான ஆபரேட்டரான கிளவுட்நேட்டிவ்பிஜியும் சேர்ந்து ஓடுகின்றன. இரண்டிலும் பேக்கப் உண்டு. குபர்நெட்டிஸின் கட்டளைக் கருவியான கியூப்சிடிஎல்லில் ‘கெட் பேக்கப்ஸ்’ என்று மட்டும் தட்டி, வெலெரோவின் நேம்ஸ்பேஸையும் (பொருள்களைப் பிரித்து வைக்கும் பகுதி) கொடுத்தால், அது போஸ்ட்கிரெஸ் பக்கத்துக் குரூப்பைத் தெரிந்தெடுத்து, ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்கிறது. பிரதிகள் அத்தனையும் அங்கேயே இருக்கும்போது, பார்த்தவர் பதறிப்போகிறார்.

கோட்டை_நிரலர்:
அது பெயரின் குற்றமன்று, பழக்கத்தின் குற்றம். ‘பேக்கப்ஸ் டாட் வெலெரோ டாட் ஐஓ’ என்று முழுமையாகத் தட்டினால் தீர்ந்தது. குபர்நெட்டிஸின் மேல் இயங்கும் கேநேட்டிவும் தன் வகை ஒன்றுக்குச் ‘சர்வீஸ்’ என்றே பெயரிட்டு, ‘கேஎஸ்விசி’ என்ற குறும்பெயரைத் தந்திருக்கிறதே.

தெகிவளை_எஸ்ஆர்ஈ:
அந்த உதாரணம் என் பக்கமே பேசுகிறது. ‘கெட் சர்வீஸ்’ என்றால் குபர்நெட்டிஸின் உள்ளமைந்த சர்வீஸ்தான் வரும் என்பதால் அங்கே குறும்பெயர் இன்றியமையாதது. குறும்பெயரும் முழுக் காப்பாகாது: ஒரே குரூப்புக்குள் மோதினால் மட்டுமே சிஆர்டியின் ‘நேம்ஸ் அக்செப்டட்’ நிலை மறுப்பைக் காட்டும், வேறு குரூப்பில் அதே குறும்பெயர் இருந்தால் சத்தமின்றிப் பதிவாகிவிடும். பின்னர் மாற்றுவோம் என்றும் இருக்க முடியாது. குரூப்பையும் பன்மைப் பெயரையும் திருத்த வழியில்லை. புதிய சிஆர்டி எழுதி எல்லாவற்றையும் இடம்மாற்ற வேண்டும், அதற்குமுன் பழையதை அழித்தால் அதன் கீழுள்ள எல்லாப் பொருள்களும் சேர்ந்தே அழியும்.

வெள்ளவத்தை_வாசகி:
நிறுவனப் பெயரை முன்னொட்டாக்குவதை நானும் விரும்பவில்லை. அது குரூப்பில் ஏற்கெனவே இருக்கிறது. செய்யும் வேலையைச் சொல்லுங்கள். நீங்கள் எடுப்பது தரவுத்தள டம்ப் (உள்ளடக்கத்தைக் கோப்பாக எடுப்பது) என்றால் ‘டேட்டாபேஸ்டம்ப்’ போதும்.

கோட்டை_நிரலர்:
அடுத்த வெளியீட்டில் வால்யூம் ஸ்னாப்ஷாட்டும் (சேமிப்பு வட்டின் அந்நேரப் பிரதி) வருகிறது. அப்போது அந்தப் பெயர் பொய்யாகிவிடும்.

தெகிவளை_எஸ்ஆர்ஈ:
அப்படியானால் அவை இரண்டு கைண்டுகள். மீட்டெடுக்கும் முறையே வேறாக இருக்கும் இரண்டை ஒரே ஸ்கீமாவுக்குள் (புலங்களின் வரையறை) திணிக்கவே ‘பேக்கப்’ என்ற பரந்த பெயர் உங்களுக்குத் தேவைப்படுகிறது. முதலில் அதைப் பிரியுங்கள்.